கதவைச் சாத்து, பில்டரை மாட்டு

ஜொகூரின் மெர்சிங்கில் ஏர்கோன் பில்டர் வாங்க முடிவு செய்தவர் உடனே கடைக்கு ஓடக்கூடாது. முதலில் வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்த வேண்டும். ஜன்னல் திறந்து கிடக்கிற வீட்டில் பில்டருக்கு என்ன மரியாதை இருக்கிறது? தென்சீனக் கடலிலிருந்து வரும் காற்று வாசலில் நுழைந்து, கூடத்தைச் சுற்றி, அடுப்படி வழியாக வெளியேறிக்கொண்டே இருந்தால், நீங்கள் வெள்ளி வெள்ளியாக எண்ணிக் கொடுத்து வாங்கிய சாமான் எதைத்தான் வடிகட்டும்?

கடற்காற்றை நாம் நம்பாததற்கு ஒரே காரணம், அது இலவசமாக வருவதுதான். சனிக்கிழமை காலையில் படகுத்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். சிங்கப்பூர் கார்கள் வரிசை கட்டி நிற்கும். காரை நிறுத்தக் காசு, படகுக்குக் காசு, தியோமானிலோ ராவாவிலோ அறைக்குக் காசு என்று எல்லாம் கொடுத்துவிட்டு அவர்கள் நெஞ்சு நிறைய இழுக்கப் போவது உங்கள் அடுப்படி ஜன்னலில் வந்து மோதுகிற அதே காற்றைத்தான். காசு கொடுத்தவருக்கு அது ஆரோக்கியம். உள்ளூர்க்காரருக்கு வெறும் தூசியும் உப்பும் மீன் வாடையும். ஆகவே சாத்துங்கள். பழைய பலகை வீடுகளில் சுவருக்கு மேலே சூடு வெளியேற மரச்சட்டத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். அதைப் பலகை வைத்து அடியுங்கள். நாக்கோ ஜன்னலின் கண்ணாடிகளுக்கு நடுவே கோடு கோடாகக் காற்று கசிந்தால் டேப் ஒட்டுங்கள். அந்த வீட்டைக் கட்டிய தச்சனுக்குப் பில்டர் என்றால் என்னவென்று தெரியாது, பாவம்.

அடுத்து, உங்கள் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நம்ப வேண்டும். இந்த நம்பிக்கை இல்லாமல் பில்டர் வியாபாரமே நடக்காது. வெளிச்சுவரில் தொங்கும் பெட்டியில் விசிறி சுற்றுகிறதல்லவா, அது கடற்காற்றை இழுத்துக் குளிரவைத்துக் குழாய் வழியாக அறைக்குள் அனுப்புகிறது என்றுதான் பாதித் தாமான் நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு செம்புக் குழாய்களுக்குள் ஓடுவது கேஸ் மட்டும்தான். உள்ளே இருக்கும் பெட்டி அறைக்காற்றையே மேல்பக்கமாக இழுத்து, பிளாஸ்டிக் வலை வழியாக விட்டு, குளிர்ந்த சுருளைத் தாண்டவைத்து, கீழே ஊதுகிறது. அறையில் பிடித்த சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடம் வெளிப்பெட்டி. ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்தியபோது அறைக்குள் என்ன காற்று இருந்ததோ அதுவேதான், கதவிடுக்கில் கசிந்தது போக, விடியும்வரை சுற்றிச் சுற்றி வருகிறது.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் படுத்த அறையில் நான்கு பேர் விட்ட மூச்சும் அங்கேயே நிற்கும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு. இறுக்கமாகச் சாத்திய படுக்கையறையில் விடிவதற்குள் அது 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம். அதைப் பிடிக்கிற வீட்டுப் பில்டர் எந்தக் கடையிலும் கிடையாது. காலையில் எழும்போது தலை கனத்தால் பில்டரின் ரகம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, இன்னும் விலை கூடியதாகப் பாருங்கள்.

இனி எண்கள். பில்டர் வாங்குகிறவருக்கு எண் தெரிந்திருந்தால் போதும், அதன் அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 'மெர்வ்' என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 1-இல் தொடங்கி 16 வரை போகும். மெர்வ் 13 என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்களில் பாதியையாவது பிடிக்க வேண்டும். 1 முதல் 3 மைக்ரான் வரையுள்ளதில் 85 சதவீதம், அதற்கு மேல் 10 மைக்ரான் வரை 90 சதவீதம். நம் தலைமயிரின் தடிமனே 70 மைக்ரான் பக்கம் வரும் என்றால் இது எவ்வளவு பொடி விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அருமையான சாதனம்தான், சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்காவில் வீடு முழுவதற்கும் ஒரே பெரிய இயந்திரம் வைத்து, தகரக் குழாய் வழியாக அறைக்கறை காற்று விடுவார்கள். அந்த இயந்திரத்தின் வாயில் செருகுவதற்கென்று செய்த அட்டைச் சட்டம் இது. மெர்சிங் தெரஸ் வீட்டின் படுக்கையறைச் சுவரில் இருக்கும் ஒரு குதிரைத்திறன் பெட்டியில் இதற்கு இடமே இல்லை.

இடமில்லை என்பதற்காகப் பின்வாங்கக்கூடாது. கைப்பேசியில் தேடினால் சுருட்டி வைத்த பில்டர் துணி கிடைக்கும். கத்தரிக்கோலால் வெட்டி வலைமீது ஒட்டுங்கள். ஒன்றுக்கு இரண்டு அடுக்காக ஒட்டினால் இரட்டை ஆரோக்கியம். முடிந்தால் ஹெப்பாவே ஒட்டுங்கள். ஹெப்பா லேசுப்பட்ட வம்சமில்லை. 1940-களில் அமெரிக்கா அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில், கதிரியக்கத் தூசி வெளியே போகாமல் தடுக்கப் பிறந்தது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதற்கு விதித்த கணக்கு. அதைவிடச் சின்னது தப்பிவிடுமே என்று கடைக்காரர் பயமுறுத்தி வேறொன்றை விற்கப் பார்ப்பார். விஷயம் நேர்மாறு. பெரிய துகள் நார்மீது நேராகப் போய் மோதி மாட்டிக்கொள்ளும். மிகப் பொடியானது காற்றின் மூலக்கூறுகளிடம் இடிபட்டு, அங்குமிங்கும் தள்ளாடி, போகிற வழியில் ஏதாவது ஒரு நாரில் ஒட்டிக்கொள்ளும். மோதுகிற அளவுக்குக் கனமும் இல்லாமல், தள்ளாடுகிற அளவுக்கு லேசாகவும் இல்லாமல் நடுவில் நழுவுகிற ஜாதி 0.3 பக்கத்தில் இருக்கிறது. பிடிப்பதற்கு ஆகச் சிரமமானது அதுதான் என்பதால்தான் அதை வைத்துச் சோதிக்கிறார்கள்.

சரி, ஹெப்பாவை வெட்டி ஏர்கோனில் ஒட்டியாயிற்று. அடுத்த சில நாளில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிட வேண்டும். சுவர்ப் பெட்டிக்குள் இருக்கும் உருளை விசிறி மென்மையான ஜீவன். ஓட்டை பெரிதாக உள்ள வலை வழியாக இழுக்கத்தான் அதற்குத் தெம்பு உண்டு. அடர்த்தியான துணியைக் குறுக்கே போட்டால் காற்று குறையும். காற்று குறைந்தால் சுருளின் குளிர் அறைக்கு வந்து சேராது. சுருள் மேலும் மேலும் குளிர்ந்து அதன்மீது ஐஸ் கட்டும். ஐஸ் உருகும்போது தண்ணீர்த் தட்டு கொள்ளாமல் சுவரில் வழிந்து, கட்டிலின் தலைமாட்டில் சொட்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது தொல்லை. நமக்கு நவம்பர் முதல் மார்ச் வரை வெளியே எப்படியும் மழைதான். உள்ளேயும் கொஞ்சம் பெய்துவிட்டுப் போகட்டும்.

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வாசகங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. தேயிலைச் சாறு தடவிய பில்டர் உண்டு. வெள்ளி அயனி பில்டர் உண்டு. வைட்டமின் சி கலந்தது உண்டு. வாயில் போட வேண்டியதை மூக்கில் போடுகிற இந்த மருத்துவம் யார் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை. ஆனால் அயனி விடும் கருவியைப் பற்றி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஷார்ப்பர் இமேஜ் என்ற கம்பெனி 'அயானிக் பிரீஸ்' என்று ஒன்றைப் போட்டு விற்றது. விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, மூலையில் நிறுத்தினால் கோபுரம் மாதிரி அழகாக நிற்கும். நுகர்வோர் பத்திரிகை ஒன்று சோதித்துப் பார்த்துவிட்டு, காற்றைச் சுத்தம் செய்வதில் இது ஒன்றுக்கும் உதவாது என்கிற மாதிரி எழுதியது. கம்பெனி 2003-இல் வழக்குப் போட்டது. 2004-இல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. 2008-இல் கம்பெனி திவால். இப்படிப்பட்ட கருவிகள் சில ஓசோனையும் கக்கும். வானத்தில் இருந்தால் நல்லது, படுக்கையறையில் இருந்தால் நுரையீரலை அரிக்கும் சமாசாரம் அது. மழை பெய்து ஓய்ந்த மாதிரி வாசனை வருகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். பில்டர் வாங்கினால் மட்டும் போதுமா? அதற்கு வேலை கொடுக்க வேண்டாமா?

கொசுவத்தியிலிருந்து தொடங்கலாம். ஆற்றோரம், சதுப்பு, மழை என்று மெர்சிங்கில் கொசுவுக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு அறைக்கதவைச் சாத்தி, கட்டிலுக்கடியில் ஒரு சுருளைக் கொளுத்தி வைத்து, எட்டு மணிக்கு அதே அறையில் ஏர்கோனைப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். 2003-இல் அமெரிக்க, மலேசிய ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து, சீனாவிலும் மலேசியாவிலும் விற்கிற கொசுவத்திகளைக் கொளுத்திப் புகையை அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே ஒரு சுருள் முழுதாக எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் பிடித்த புகைக்குச் சமம் என்று வந்தது. கண்ணைக் கரிக்கவைக்கிற பார்மல்டிஹைடு சில சுருள்களில் 51 சிகரெட் அளவுக்குப் போனது. மாமா வாசலில் நின்று ஒரு சிகரெட் பிடித்தால், "பிள்ளைங்க இருக்கிற வீடு, தள்ளிப் போய்ப் பிடிங்க" என்று விரட்டுகிற அத்தை, அதே பிள்ளைகளின் கட்டிலுக்கடியில் நாலு முதல் ஏழு பாக்கெட்டை ஒன்றாகக் கொளுத்தி வைத்துவிட்டு நிம்மதியாகச் சீரியல் பார்க்கப் போகிறார். கொசுவத்திப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஏர்கோனின் பிளாஸ்டிக் வலைக்கு அவை கண்ணிலேயே படாது.

ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் கொசுவும் வராது, காற்றும் வரும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அதுவும் ஒரு பில்டர்தானே என்று வாதாடுவார்கள். அட்டைப் பெட்டியில் வராத, உத்தரவாதச் சீட்டு இல்லாத ஒன்றைப் பில்டர் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

வெள்ளிக்கிழமை சாம்பிராணி. இதில் கைவைத்தால் அடி விழும் என்பதால் மெதுவாகச் சொல்கிறேன். பாட்டி காலத்தில் தோட்டத்து வீட்டில் தணலைத் தட்டில் அள்ளி, சாம்பிராணியைத் தூவி, அறை அறையாகக் காட்டிவிட்டு வரும்போது, பின்னாலேயே எல்லாக் கதவும் ஜன்னலும் திறந்திருக்கும். புகை வரும், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றும், போகும். இன்றைக்குக் குளிர் போய்விடக்கூடாது என்று எல்லாவற்றையும் சாத்திவைத்து, கணினிச் சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் மூன்றையும் பூசை அறையில் ஏற்றுகிறோம். பூசை அறை எது? கூடத்தின் மூலை, ஏர்கோனுக்கு நேர் கீழே. சாமிக்குப் போக மிச்சம் அத்தனையும் சுருளில் போய்ப் பிசுக்காகப் படிகிறது.

அப்புறம் பெலாச்சான். கடற்கரை ஊரில் பெலாச்சான் வறுக்காமல் சம்பால் இல்லை. அதில் விவாதம் வேண்டாம். வெறும் சட்டியில் அது பொரிந்து முதல் வாடை எழும்பும் அந்த நிமிடத்தில், கூடத்தில் ஏர்கோன் ஓடுகிறது என்பதற்காக அடுப்படி ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிற வீடுகள் உண்டு. கருவாட்டுக்கும் அதே மரியாதை. புகைபோக்கி விசிறியைப் போட்டால் கரண்டுக் காசு கூடுமாம். எண்ணெய்ப் புகை வலையில் ஒட்டும். அதன்மேல் தூசி ஒட்டும். இரண்டும் சேர்ந்து வலையின் கண்களை அடைத்து, தொட்டால் விரலில் ஒட்டுகிற பழுப்புக் கம்பளம் ஒன்றை நெய்யும். இதற்குப் பிறகு வாசனைக்கென்று கரித்தூள் பில்டர் ஒன்று வாங்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுக்கிற அந்தக் கரி வாடையை உறிஞ்சுவது உண்மை. ஒரு மெல்லிய தாளில் தடவியிருக்கிற கரிக்கு ஒரு வாரக் கருவாட்டைத் தாங்கும் சக்தி இருக்கிறதா என்பதைக் கடையில் கேட்காதீர்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலோரத்தில் வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் பொடிப்பொடியாக உதிர்வதும் திருகுகள் துருப்பிடித்து நிற்பதும் தெரிந்த கதை. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும். எங்கேயாவது ஊசிமுனை ஓட்டை விழுந்து கேஸ் கசியும். வருஷா வருஷம் "கேஸ் முடிஞ்சிருச்சு" என்று ஏற்றிக்கொண்டே இருக்கலாம். கேஸ் தீர்ந்துபோகிற சாமான் இல்லை. குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்டால் வருஷத்துக்கு ஒரு விருந்தாளி குறைவார், வேறு லாபம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை வெளிப்பெட்டிமீது நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் உப்பு போகும் என்பது உண்மைதான், ஆனால் நாம் பில்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மழைக்காலம் வந்ததும் தியோமான் படகுகள் குறைந்துபோகும், ஊர் படுத்துவிடும், துணி காயாது. காயாத துணியைப் படுக்கையறையில் கொடி கட்டிப் போட்டு ஏர்கோனை 16-இல் வையுங்கள். வரலாற்றுப்படி இது சரியான உபயோகம்கூட. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காகத்தான் இந்தக் கருவியை வடிவமைத்தார். ஈரக்காற்றில் காகிதம் சுருங்குவதும் விரிவதுமாக இருந்ததால் நிறத்தின் மேல் நிறம் ஒழுங்காக உட்காரவில்லை. காற்றின் ஈரத்தை எடுப்பதே அவர் வேலையாக இருந்தது. மனுஷனைக் குளிரவைப்பது பிறகு வந்த யோசனை. சிங்கப்பூரில் லீ குவான் யூ பதவிக்கு வந்ததும் அரசு ஊழியர்கள் வேலை செய்கிற கட்டடங்களுக்கு ஏர்கோன் போட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். வெயில் நாட்டில் வேலை நடக்க அதுதான் வழி என்றார். அவர் சொன்னது அலுவலகத்துக்கு. ஈரத் துணிக்கு நடுவில் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு தூங்குவது நாமே கண்டுபிடித்தது.

ஈரம் எங்கே போகிறது? குளிர்ந்த சுருளில் முத்து முத்தாகக் கட்டி, தண்ணீர்த் தட்டில் விழுந்து, குழாய் வழியாக வெளியே போகிறது. போனது போக மிச்சம் சுருளிலும் விசிறியிலும் தங்கும். தூசியும் சமையல் எண்ணெயும் ஏற்கெனவே அங்கே இருப்பதால் பூஞ்சணத்துக்கு விருந்துச் சாப்பாடு. காலையில் ஏர்கோனை அணைத்த பிறகு மூடிய பெட்டிக்குள் இருட்டும் ஈரமும் சாவகாசமாகக் கிடக்கின்றன. மறுநாள் ராத்திரி போட்டவுடன் முதல் ஊதலில் வரும் புளித்த வாடைக்கு அதுதான் பூர்வீகம். கவனியுங்கள், பூஞ்சணம் வளர்வது வலைக்குப் பின்னால். எவ்வளவு விலை கொடுத்த பில்டரை முன்னால் மாட்டினாலும், அதைத் தாண்டி வந்த காற்று பூஞ்சணத்தைத் தடவிக்கொண்டுதான் உங்கள் முகத்துக்கு வரும். மெத்தைத் தூசிப்பூச்சியும் இப்படித்தான் ஏமாற்றும். தும்மலைக் கிளப்புவது அதன் எச்சம். அது கனமானது, காற்றில் நிற்காமல் சீக்கிரமே மெத்தையிலும் தலையணையிலும் படிந்துவிடும். சுவரின் உச்சியில் இருக்கும் பில்டரிடம் அது ஏறி வரப்போவதில்லை. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை நல்ல சூடான வெந்நீரில் அலசினால் பூச்சி சாகும் என்பார்கள். துணி துவைப்பதைப் பற்றிப் பேசினால் வழிகாட்டியை யார் படிப்பார்கள்?

இந்த இடத்தில் ஏர்கோன் கழுவ வருகிற தம்பிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நடக்கிற உரையாடல் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"அக்கா, இந்த வலையை எப்பக் கடைசியாக் கழட்டுனீங்க?"

"கழட்டவா? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு தம்பி."

"குளிரலன்னு சொன்னீங்களே."

"இப்பதான் லா குளிரல. போன வருஷமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கேஸ் போட்டுப் பாரேன்."

தம்பி பதில் சொல்ல மாட்டார். நாற்காலியில் ஏறி, முன்மூடியின் இரண்டு பக்கமும் விரலை விட்டுத் தூக்குவார். 'டக்' என்று ஒரு சத்தம். வலையை நுனியில் பிடித்து லேசாக மேலே தள்ளிக் கீழே இழுப்பார். அது வளைந்து கையோடு வந்துவிடும். சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியிருக்கும். அதைத் தட்டாமல் குளியலறைக்குக் கொண்டுபோய், தூசி படிந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விடுவார். முன்பக்கம் விட்டால் தூசி வலையின் கண்ணுக்குள் இன்னும் அழுந்திக்கொள்ளும். பின்னாலிருந்து விட்டால் மொத்தமாக உரிந்து விழும். பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு, பழைய பல் துலக்கி. உதறி, வெயிலில் போடாமல் நிழலில் காயவைத்து, திரும்ப மாட்டிவிடுவார். பத்து நிமிஷம். சுருளும் விசிறியும் கறுத்துக் கிடந்தால் அதற்குக் கெமிக்கல் வாஷ் தனி, காசும் தனி. வலைக்கு மட்டும் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இந்த வீட்டில் நாற்காலியில் ஏறத் தெரிந்த யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இதை ஏன் எந்த விளம்பரமும் சொல்வதில்லை என்று யோசிக்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரை யார் விளம்பரம் செய்வார்கள்? அந்த வலையின் வேலை உங்கள் நுரையீரலைக் காப்பது அல்ல, தன் பின்னால் இருக்கும் சுருளைக் காப்பது. சுருள் சுத்தமாக இருந்தால் பூஞ்சணம் குறையும், பில் குறையும், அதனால் நுரையீரலுக்கும் கொஞ்சம் லாபம். நம் வழிகாட்டியின் நோக்கத்துக்கு இது விரோதமாக இருப்பதால் இத்துடன் விடுகிறேன்.

நிஜமாகவே பில்டர் தேவைப்படுகிற காலம் ஒன்று உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். சுமத்ராவில் கரிமண் காடு பற்றிக்கொண்டால் புகை நம் பக்கம் வரும். 2013 ஜூன் 23-ஆம் தேதி இதே ஜொகூரின் மேற்குக் கரையில், மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான ஐ.பி.யு. 746-ஐத் தொட்டது, 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது கணக்கு. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். நாம் கிழக்குக் கரை, நடுவில் காடும் மலையும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். புகைக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. 2018 ஆகஸ்டிலிருந்துதான் ஐ.பி.யு. கணக்கில் 2.5 மைக்ரான் நுண்துகளையும் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய எண்களை இன்றைய எண்ணோடு ஒப்பிட்டு, "அப்ப 150-க்கே பள்ளிக்கூடம் போனோம்" என்று பெருமை பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்துவது சரி. இந்தக் கட்டுரையில் ஜன்னலைச் சாத்தச் சொன்னது நியாயமாகப் பொருந்துகிற இடம் இது ஒன்றுதான். ஏர்கோன் வலையால் புகைமூட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது. தனியாகத் தரையில் நிற்கிற, விசிறியும் ஹெப்பாவும் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும். அதை வாங்கும்போது எத்தனை அடுக்கு, என்ன நிற விளக்கு என்று பார்க்காமல், நிமிஷத்துக்கு எவ்வளவு சுத்தக் காற்று தருகிறது என்கிற 'சி.ஏ.டி.ஆர்.' எண்ணைப் பார்க்க வேண்டும். அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை 144 சதுர அடி; நிமிஷத்துக்கு 96 கன அடி, அதாவது மணிக்கு 163 கன மீட்டர் பக்கம். காசு குறைவாக இருந்தால், 2020-இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சொன்ன வழி இருக்கிறது. நம் சுவர்ப் பெட்டியில் இடமில்லாமல் போன அந்த மெர்வ் 13 அட்டைகளில் நாலைந்தைப் பெட்டி மாதிரி நிறுத்தி, டேப் போட்டு, மேலே ஒரு சதுர விசிறியை, காற்று மேல்நோக்கிப் போகும்படி, வைத்துவிட்டால் ஆயிற்று. பார்க்க லட்சணமாக இருக்காது. மருமகள் கூடத்தில் வைக்க விடமாட்டாள். வேலை செய்யும்.

எப்போது வாங்குவது என்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். புகை வருவதற்கு முன்னாலேயே வாங்கிவைத்தால் அக்கம்பக்கத்தில் பைத்தியம் என்பார்கள். தொண்டை கரகரத்து, எதிர்வீடு மங்கலாகத் தெரியத் தொடங்கியதும் கிளம்புங்கள். ஊரே அன்றைக்குத்தான் கிளம்பியிருக்கும். 2013-இல் சிங்கப்பூரில் முகக்கவசமே கடைகளில் தீர்ந்துபோயிற்று. கடைசியாக மிஞ்சிய ஒன்றை, என்ன ரகம் என்று பாராமல், சொன்ன விலைக்கு வாங்கி வந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் ஒரு விஷயம். உள்ளே ஹெப்பா பில்டர் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அந்த உறையைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும் என்று குறிப்புப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே படம் போட்டிருப்பார்கள். நம் ஆட்கள் குறிப்புப் புத்தகத்தை உத்தரவாதச் சீட்டோடு சேர்த்து அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டு, உறையோடேயே மாட்டி ஓட்டுவார்கள். அதில் ஒரு லாபம் இருக்கிறது. வருஷம் முழுக்க ஓடினாலும் பில்டர் வாங்கிய அன்று இருந்த வெள்ளையிலேயே இருக்கும். மாற்றுப் பில்டர் செலவு மிச்சம். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, நம் வீட்டுக் காற்று எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்றும் சொல்லலாம்.